ஓட்டிவிட்ட காட்சிகள்

மின்சாரம் இல்லாத அந்த நாட்களில், உரும்பிராயில் அயலவர்கள் சேர்ந்து ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து எங்கள் வீட்டில்தான் படம் போடுவோம். ஒரு பின்னேரம், பெரிதாக ஓடாத ஒரு பழைய குடும்பப் படம் போட்டோம். பாதியிலேயே மண்ணெண்ணெய் குறைந்துவிட்டது. கதாநாயகியின் கலியாணமாகாத அக்காவாக வரும் நடிகைக்கு வசனமே அதிகம் இல்லை.

“அக்காக்காரி வாற இடங்களைப் பாக்காமல் வேகமாய் ஓட்டிவிடுங்கோ, எண்ணெய் காணாது,” என்றேன்.

எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்த என் அக்கா கதவடியில் நின்றார். அவரும் கலியாணம் செய்யாதவர், என்னை வளர்த்தவர்.

“அவ நல்லா நடிக்கிறா பிள்ளை. அவவைப் பாக்கத்தான் தேத்தண்ணியைக் கெதியாய் ஊத்திக்கொண்டு வந்தனான்,” என்றார்.

நான் சிரித்துவிட்டு ஓட்டச் சொன்னேன்.

அடுத்த மாரியில் அக்கா காய்ச்சலில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக் கிரியை முடிந்தபின், அதே படத்தை எடுத்துத் தனியாகப் பார்த்தேன். தங்கைக்கு மூடிவைத்த சோறு ஆறிவிட்டதா என்று அந்த நடிகை திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறார். அது என் அக்காவின் கைதான்.

இப்போது நான் எந்தக் காட்சியையும் ஓட்டுவதில்லை. தேத்தண்ணியைப் படம் தொடங்குமுன்பே ஊற்றிவிடுகிறேன். ஒரு கோப்பைதான்.