வாங்கியவர் விலாசம்

“லைட்டைப் போடுங்க. படம் காட்டினது போதும். உங்க பொருளை வாங்கினவங்க விலாசத்தைக் கொடுங்க.”

மூன்றாவது ஸ்லைடு திரையில் விழும்போதே அக்கா இப்படிச் சொல்லிவிடுவார். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு வருஷத்துக்கு இடமும் கருவிகளும் ஆலோசனையும் தரும் மையம் அது. எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் இவர்தான் தேர்வுக் குழுவுக்குத் தலைவி. மற்றவர்கள் மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்க, இவர் விண்ணப்பித்தவர்களை இழுத்துக்கொண்டு பஸ் ஏறி, வாங்கியவர் கடைக்கே போய் நிற்பார். வழியில் தொழிலைப் பற்றி மூச்சு விடமாட்டார். பஸ்ஸில் நாம் யாருக்கு எழுந்து இடம் கொடுக்கிறோம் என்று கவனிப்பதாக ஒரு வதந்தி உண்டு. கேட்டால், “எனக்கு வேற வேலை இல்லையா? நானே எங்க உட்காரலாம்னு பார்த்துக்கிட்டிருப்பேன்” என்பார்.

பதினோரு வருஷத்துக்கு முன் நானும் என் மச்சானும் அவருடன் அப்படிப் போனோம். தையல் கடைகளுக்காக, பாபினில் நூல் சுற்றும் சின்ன மெஷின் ஒன்றைச் செய்திருந்தோம். மையத்தில் மிச்சமிருந்தது ஒரே இடம். நானோ இருந்த வேலையை உதறிவிட்டு வந்தவன். இதுவும் கைநழுவினால் பழைய முதலாளி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். போதாததற்கு, ‘கடைக்காரருக்குப் பரம திருப்தி’ என்று விண்ணப்பத்தில் மச்சான் அளந்துவிட்டிருந்தான்.

தையல்காரர் எங்களைப் பார்த்ததும் மேசைக்கு அடியிலிருந்து மெஷினைக் காலால் தள்ளினார்.

“ரெண்டே நாள்தாம்மா ஓடுச்சு. நூலை அறுத்துத் தள்ளுது. இதுக்கு என் கையே தேவலை.”

குட்டு உடைந்தது. மச்சான் உடனே, “அது வந்து மேடம், கரன்ட் ஏறி இறங்கினதுல...” என்று ஆரம்பித்தான்.

“பூசி மெழுகாதப்பா” என்றார் அக்கா.

அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனாலும் எங்கள் மெஷின் தூசி அப்பிக் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மையத்தில் இடமாவது ஒன்றாவது என்று தரையில் உட்கார்ந்தேன்.

“எந்த நூல் போட்டா அறுக்குதுண்ணே?” என்று கேட்டபடி மூடியைக் கழற்றத் தொடங்கினேன். தையல்காரர் முறைப்பை விட்டு, ஒவ்வொரு நூலாக எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகு எத்தனையோ மெஷின் விற்றாயிற்று. அந்த மத்தியானத்துக்காக மட்டும் மனசு இன்னும் ஏங்குகிறது.

திருகாணிகள் நாலு பக்கமும் உருண்டன. தேடிப் பொறுக்கித் தலை நிமிர்ந்தேன். அக்கா புடவையைச் சுருட்டிக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அடுத்த திருகாணியை வாங்கிக்கொள்ள உள்ளங்கையை நீட்டினார்.