கண்ணாடிக்குள் இருந்த அம்மனும் துருக்கிக் காவலாளியும்

இதை எழுதலாமா என்று பல வருசமாய் யோசித்தேன். பேய்க்கதை என்று சிரிப்பார்களே என்ற பயம்தான்.

ஒருநாள் மெல்பேர்ண் புறநகர்ப் பக்கம் உள்ள கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய்விட்டு, மனைவியோடு நகரத்தில் ஒரு மியூசியத்துக்குப் போனேன். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வெண்கல அம்மன் நின்றாள். என்னை அறியாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினேன்.

"இஞ்சருங்கோ, இது கோயில் இல்லை. பிடிச்சு வெளியில விடப்போறாங்கள்" என்றாள் மனைவி.

நரைத்த மீசையோடு காவலாளி கிட்ட வந்தார். "கும்பிடுங்கோ, நான் பார்க்கவில்லை" என்றார் ஆங்கிலத்தில், மெதுவாக. தான் துருக்கிக்காரர் என்று சொன்னார்.

"எங்கள் நாட்டில் அரண்மனையும் மியூசியம், பழைய சிறையும் மியூசியம். மகான் ஒருவர் அடங்கிய சமாதியைக்கூட மியூசியம் ஆக்கினார்கள். அங்கேதான் முன்பு எனக்குக் காவல் வேலை. டிக்கெட் எடுத்து வருகிறவர்கள் கையேந்தித் தொழுதால் தடுக்கவேண்டும். தடுத்தேன். ஆனால் மாலையில் பூட்டிய பிறகு உள்ளே ஓதுகிற சத்தம் கேட்கும்."

"ஆர் ஓதினது?" என்று கேட்டேன்.

"திறந்து பார்க்க எங்களில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை."

"இஞ்சயும் கேக்குதோ?"

அவர் கண்ணாடிப் பெட்டியை ஒருமுறை பார்த்தார். அம்மனுக்கு முதுகு காட்டாமல், பின்பக்கமாகவே அடிவைத்து அறையை விட்டுப் போனார்.

"கோயிலில நாங்களே இப்பிடி வெளிக்கிடுறேல்லை" என்று மனைவி முணுமுணுத்தாள்.

அது பக்தியா பயமா என்று எனக்கு இன்றும் தெரியாது. இதை ஆருக்காவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். எனக்கும் சத்தம் கேட்டதாகச் சேர்க்கவேண்டாம். அவர் நடந்துபோன விதத்தை விட்டுவிடவும் வேண்டாம்.