ஒரே எழுத்துரு, பன்னிரண்டு அளவு

கல்லூரி வாசலுக்கு எதிரே டைப்பிங், பைண்டிங் கடை வைத்திருப்பவரை எல்லோரும் டைப்பக்கா என்பார்கள், வயதில் மூத்தவர்களும்தான். இருபத்திரண்டு வருடமாக மாணவர்களின் ஆய்வேடுகளை அச்சுக்குத் தயார் செய்கிறார். ஒன்றையும் படித்ததில்லை. படித்தால் கை ஓடாது என்பது அவர் கட்சி.

மாணவர்கள் கொண்டுவரும் கோப்பின் லட்சணத்தைச் சொல்லி மாளாது. தலைப்பு கல்யாணப் பத்திரிகை எழுத்தில், உள்ளே நாலு வகை எழுத்துரு, பாதி வரிகள் தடித்து, நடுநடுவே அடிக்கோடு. பார்த்தாலே டைப்பக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து ஒரே எழுத்துரு, பன்னிரண்டு அளவு என்று மாற்றிச் சேமித்த பிறகுதான் மூச்சு விடுவார். இதற்கு அவர் வைத்த பெயர் 'குளிப்பாட்டுறது'. யாரையும் கேட்பதில்லை.

நர்ஸம்மாவின் ஆய்வேட்டையும் அப்படித்தான் குளிப்பாட்டினார். நாற்பத்தாறு வயதில், வார்டு வேலைக்கு நடுவே முதுகலைக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தவர் நர்ஸம்மா. நோயாளிகளுக்குத் துணை இருப்பவர்களைப் பற்றிய ஆய்வு. புத்தகங்களிலிருந்து எடுத்ததற்கு அவர் மேற்கோள் குறி போடவில்லை. சிறிய, வேறு எழுத்தில் வைத்தால் போதும் என்று நினைத்துவிட்டார். என்னைக் கேட்டால் இரண்டு பேர் மீதும் தப்புதான். எல்லாம் ஒரே எழுத்தாகி, பக்கம் பக்கமாக அவரே எழுதியது போல ஆகிவிட்டது.

ஆய்வேட்டைத் திருத்திய பேராசிரியை, காப்பியடித்தது என்று சொல்லிவிட்டார். அப்படிப் பதிவானால் படிப்பு அதோடு சரி.

நர்ஸம்மா கடைக்கு வந்து கத்தவில்லை. குறிப்பெடுத்த நோட்டை மேசைமேல் வைத்தார். "நான் திருடலக்கா. நீங்களே வந்து சொல்லுங்க."

டைப்பக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. வெளியே தெரிந்தால் நாளைக்கு எவன் கடைப்படி ஏறுவான்? ஆனாலும் ஷட்டரை இழுத்துவிட்டு நர்ஸம்மாவோடு பேராசிரியையைப் பார்க்கப் போனார்.

"என் கைவேலைதான் மேடம். வேற எழுத்துல இருந்தத நான்தான் கேக்காம மாத்திட்டேன்."

"படிச்சுப் பாக்கலையா?"

"எதையுமே படிச்சதில்ல மேடம்."

மேற்கோள் குறி போட்டுக் கொண்டுவரப் பேராசிரியை மாலைவரை நேரம் கொடுத்தார். இருவரும் கடையில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பத்தியாக, "இது உங்களோடதா, புத்தகத்தோடதா?" என்று டைப்பக்கா கேட்டார். எண்பது பக்கத்தில் அறுபத்தெட்டு மேற்கோளுக்குள் போயின. நர்ஸம்மாவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

பேராசிரியை புரட்டிப் பார்த்தார். "திருட்டு இல்ல, ஒத்துக்கறேன். ஆனா இதுல நீங்க எங்கம்மா இருக்கீங்க? மூணு மாசம் தரேன். உங்க வார்த்தையில எழுதிட்டு வாங்க."

இறங்கும்போது நர்ஸம்மா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "படிச்சவங்க சொன்னதுக்கு மேல நான் என்னக்கா எழுதிடப் போறேன்?"

டைப்பக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தார். "நாப்பத்தோராம் பக்கத்துல ஒருத்தர் வராரே, தினமும் பொண்டாட்டிக்குத் தலைவாரி விடறவர். அந்தம்மா போன மறுநாளும் சீப்போட வார்டு வாசல்ல வந்து நின்னாருன்னு. அது எந்தப் புத்தகம்?"

"புத்தகம் இல்லக்கா. நான் பாத்தது."

"எனக்கு அங்க மட்டுந்தான், சிஸ்டர், கண்ணு கலங்குச்சு."