சடைக்குத் தெளித்த தண்ணீர்

என் சடை சாமியாடிகளுக்குப் போலத் தானாக விழுந்ததல்ல. ஆசைப்பட்டு நானே பார்லரில் ட்ரெட்லாக்ஸாகத் திரித்துக்கொண்டது. சாயம் போட்டுக் கெட்ட முடி, தண்ணீரை உடனே குடிக்கும், உடனே காய்ந்தும் போகும். காற்றுக் காலத்தில் ஒடிந்தே விழும். அதனால் பையில் எப்போதும் ஸ்ப்ரே பாட்டில் இருக்கும். தண்ணீர் தெளித்து, மேலே எண்ணெய் வைத்தால்தான் ஈரம் நிற்கும்.

இன்று ஓடைப்பட்டியிலிருந்து தேனி போகும் பஸ்ஸில் தெளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண், மடியில் காய்ச்சலில் சுருண்ட குழந்தை. ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களாம்.

"அம்மன் சடையா ஆத்தா? பிள்ளைக்கும் ரெண்டு சொட்டு தெளிங்க."

"இது சும்மா முடிக்கு அடிக்கிற தண்ணி, அக்கா" என்றேன். அவர் என் சடையில் சொட்டிய தண்ணீரைத் தொட்டுக் குழந்தை நெற்றியில் தடவினார்.

அம்மன் கோயில் இருக்கும் வீரபாண்டி வந்ததும் இறங்க எழுந்துவிட்டார். "ஆத்தா தண்ணியே கெடச்சிருச்சு. இனி ஆஸ்பத்திரி எதுக்கு? கோயில்ல கும்பிட்டு வீட்டுக்குப் போறேன்."

குழந்தையின் கால் என் கையில் உரசியது. அனலாகச் சுட்டது. எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை.

"உக்காருடி. பிள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. ஆத்தா சொல்றேன்."

சொன்னது நான்தான். அவர் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் குழந்தையைப் பார்க்கும்வரை கூடவே நின்றேன்.

இது வெறும் ஸ்டைல் என்று மூன்று வருடமாக வீட்டில் சண்டை போட்டவள் நான். ஆனால் பஸ்ஸில் கேட்டது என் குரல் மாதிரியே இல்லை.

சடை காய்ந்து கிடக்கிறது. தொடப் பயமாக இருக்கிறது. யாராவது வந்து எண்ணெய் வைத்துவிடுகிறீர்களா?