பின்சக்கரத்து எலுமிச்சம்பழம்

அண்ணன் பேத்தி போன மாதம் மின்சார ஸ்கூட்டர் வாங்கினாள். முன்சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு போய், பின்சக்கரத்துக்குப் பின்னாலும் ஒன்று வைத்தேன். கிழவிக்கு மறை கழன்றுவிட்டதோ என்பதுபோல் பார்த்தார்கள்.

அறுபதுகளில் செஞ்சியில் நான் ஆரம்பப்பள்ளி டீச்சர். இளம்பிள்ளை வாதத்தில் கால்கள் போனவள். கையால் சுற்றி ஓட்டும் என் மூன்று சக்கர வண்டி சமதரையில் ஓடும், பள்ளிக்கூடத்து மேட்டில் ஏறாது. தினமும் அண்ணன்தான் பின்னால் நின்று தள்ளுவான். அவனுக்குத் திண்டிவனத்தில் லாரி ஓட்டும் வேலை கிடைத்ததும் அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டாள்: "அவன் போயிட்டா யாரு தள்றது? வேலைய உட்டுட்டு ஊட்லயே கெட." நான் மூன்று நாள் சாப்பாட்டோடும் பேசவில்லை, அம்மாவோடும் பேசவில்லை.

அண்ணன் ஒரு பாடாவதி லாரியிலிருந்து டைனமோவைக் கழற்றி வந்தான். "சுத்தினா கரண்டு குடுக்குது இல்ல? நாம கரண்டு குடுத்தா அது சுத்தும் பாப்பா" என்றான். சீட்டுக்கு அடியில் பேட்டரி, பின்சக்கரத்துக்குச் சைக்கிள் செயின். அமாவாசையன்று கற்பூரம் காட்டி, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தோம். மேல்மலையனூர் பஸ்ஸுக்கு நின்ற கூட்டமும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. சுவிட்சைப் போட்டேன். வண்டி பின்னால் போனது. பேட்டரி ஒயரை மாற்றிப் போட்டான், அப்போதும் பின்னால்தான். பழங்கள் அலுங்காமல் கிடந்தன. "சகுனமே சரியில்ல, வேணாண்டா" என்று அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அண்ணன் அசரவில்லை. பழங்களை எடுத்துச் சக்கரங்களுக்குப் பின்னால் வைத்தான். "இப்ப போடு பாப்பா." பழங்கள் நசுங்கின. "இன்னாம்மா, சகுனம் சரியாப்பூட்ச்சா?" கூட்டம் சிரித்தது, கடைசியில் அம்மாவும் சிரித்துவிட்டாள்.

டைனமோவைத் திறந்து உள் ஒயரை மாற்ற இன்னும் இரண்டு நாள் ஆனது. திங்கட்கிழமை மேட்டில் ஏறினேன். அவன் தொடாமல், கைகளை மட்டும் நீட்டியபடி பாதி தூரம் பின்னாலேயே வந்தான். மேலே போய்த் திரும்பிப் பார்த்தேன். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் போய் ஆறு வருடம் ஆகிறது.

"பின்னாடி இன்னாத்துக்கு அத்தப்பாட்டி?" என்றாள் பேத்தி.

"உங்க தாத்தா நிக்கிற எடம்டி அது."

ஸ்கூட்டர் முன்னால் போனது. பின்னால் நசுங்காமல் கிடந்த பழத்தை எடுத்துத் தரச்சொல்லி மடியில் வைத்துக்கொண்டேன்.