லாண்டரி அக்காவும் பாஸ்டர் தம்பியும்

பேண்ட் பாக்கெட்டுக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டேதான் அக்கா பேசுவார். இடது பாக்கெட், வலது பாக்கெட், பின்பாக்கெட், போட்டிருப்பவருக்கே நினைவில்லாத சின்ன உள்பாக்கெட். துழாவாமல் ஒரு துணியையும் எந்திரத்துக்குள் போடமாட்டார். சீப்பு வரும், மாத்திரை அட்டை வரும், மூக்குக்கண்ணாடியின் ஒற்றைக் கால் வரும். ஒருமுறை யாரோ ஒருவரின் கட்டுப்பல் வந்தது. எல்லாவற்றையும் சின்னத் துணிப்பையில் போட்டு, தேய்த்த துணியோடு ஊக்கு குத்தித் திருப்பிக் கொடுத்துவிடுவார். "வாய் பொய் சொல்லும், பாக்கெட் சொல்லாது. நியாயத்தீர்ப்பு அன்னைக்கு ஆண்டவர் ரொம்ப விசாரிக்கவெல்லாம் மாட்டாரு. பாக்கெட்டைக் காட்டுடாம்பாரு, அவ்வளவுதான்" என்பார்.

எங்கள் தெருமுனையில் மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய லாண்டரி. உள்ளே மூன்று எந்திரங்கள். முனகிக்கொண்டே ஓடுவதற்குப் பெயர் 'பெரியவர்'. சத்தமே போடாமல் ஓடி, சொல்லாமல் கொள்ளாமல் பாதியில் நின்றுவிடுவது 'ஊமை'. மூன்றாவது 'ஆட்டக்காரி'. பிழியும் வேகம் வந்தால் அது இருந்த இடத்தைவிட்டு நடக்கத் தொடங்கிவிடும். அப்போது அக்கா ஓடிப்போய் அதன் மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். அந்த நேரத்தில் அவர் சொல்லும் எந்த வார்த்தையும் நடுங்கிக்கொண்டே வரும். வானிலையைப் பற்றிப் பேசினாலே நமக்குக் கொஞ்சம் கலக்கமாக இருக்கும். பரலோகத்தைப் பற்றிப் பேசினால் கேட்கவே வேண்டாம்.

பேருந்து நிறுத்தத்தில் படுத்துக் கிடக்கும் வயசாளியுடைய ஒரே போர்வை வாரா வாரம் இங்கேதான் வெளுக்கப்படுகிறது. மாடிவீட்டில் படுக்கையிலேயே கிடக்கும் அம்மாளின் விரிப்புகளும் அப்படித்தான். "நல்ல காரியம் செய்றீங்க அக்கா" என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். சட்டென்று முகம் மாறிவிட்டது. "காரியமும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. டிரம் பாதி காலியா ஓடினா பேரிங் போயிடும். பேலன்ஸுக்குப் போடறேன்." அந்தப் போர்வை தனியாக ஓடி, டிரம்மில் வேறு ஒரு கைக்குட்டைகூட இல்லாமலிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அக்கா பிறந்தது தண்ணீரில் முக்கி ஞானஸ்நானம் கொடுக்கும் ஒரு சபைக் குடும்பத்தில். வாழ்க்கைப்பட்டது கத்தோலிக்கக் குடும்பத்தில். கூடப்பிறந்த தம்பி அதே சபைக்கு இன்று பாஸ்டர். கணவரின் அக்கா கன்னியாஸ்திரி, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இவரை அக்கா 'சிஸ்டர் அண்ணி' என்று கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கோயிலில் பூசை, முடிந்த கையோடு சபையில் ஆராதனை என்று அக்காவுக்கு இரட்டை வேலை. "அவங்க மோட்சம்ங்கிறாங்க, இவன் பரலோகம்ங்கிறான். ஒரே ஊருக்கு ரெண்டு பேரு. எந்த பஸ் முதல்ல வருதோ ஏறிக்க வேண்டியதுதான்."

ஆனால் தம்பிக்கும் அண்ணிக்கும் அது அவ்வளவு எளிதான விஷயம் இல்லை. விசுவாசம் ஒன்றுதான் மனுஷனைக் காப்பாற்றும், நாம் செய்யும் நல்லதெல்லாம் ஆண்டவர் முன்னால் அழுக்குத் துணிதான் என்பது பாஸ்டரின் கட்சி. ("அழுக்குத் துணின்னா எங்கிட்ட அனுப்பு" என்பது அக்காவின் பதில்.) விசுவாசத்தை வாயில் வைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டிருந்தால் ஆகாது, பசித்தவனுக்கு என்ன செய்தாய் என்றுதான் கடைசி நாளில் கேள்வி வரும் என்பது சிஸ்டரின் கட்சி. "வீடு தீப்பிடிச்சு எரியும்போது உள்ள தூங்குறவனைத் தட்டி எழுப்புறதுதான் பெரிய உதவி" என்பார் பாஸ்டர். "எழுப்பிட்டா போதுமா தம்பி? நடக்க முடியாதவனைத் தூக்கிட்டு வரவேண்டாமா?" என்பார் சிஸ்டர். இரண்டும் எனக்குச் சரியாகவே படும். நான் எந்தப் பக்கமும் சேராதவன் என்பதால் அக்கா என்னை நடுவராக வைக்கப் பார்ப்பார். நான் சட்டையை வாங்கிக்கொண்டு நழுவிவிடுவேன்.

அக்காவின் கணவர் பிளம்பர். கோயிலுக்கும் போகமாட்டார், சபைக்கும் போகமாட்டார். "ஞாயித்துக்கிழமை நானும் முட்டி போட்டுட்டா, அடைச்சிக்கிட்ட குழாயை யார் பார்க்கிறது?" என்று கேட்பார். தெருவில் அவர் கைபடாத குழாய் கிடையாது. சபையில் மேடைக்கு அடியில் இருக்கும் ஞானஸ்நானத் தொட்டியின் வால்வு அடிக்கடி ஒழுகும். கூப்பிட்டதும் ஸ்பேனரோடு வந்து இறங்கிவிடுவார். "மாப்ள, உன் சபை ஆளுங்க ஒருவாட்டிதான் இதுல முங்கினாங்க. நான் எத்தனை வாட்டி முங்கியிருக்கேன் பாரு. எனக்குத்தான் முதல் சீட்டு" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். பாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிடும்.

ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கைகழுவி வந்து உட்கார்ந்த மனுஷர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை.

அடக்கத்தன்று தெருவே திரண்டு வந்தது. கோயிலில் சாமியார் செய்யவேண்டியதைச் செய்தார். கல்லறையில் பாஸ்டரும் ஜெபித்தார். அக்காவுக்காக ஜெபித்தார், பிள்ளைகளுக்காக ஜெபித்தார், வந்திருந்த எல்லோருடைய மனந்திரும்புதலுக்காகவும் ஜெபித்தார். போனவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டு அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். ஆமென் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். "அவரு நல்ல இடத்துல இருக்காருன்னு ஒரு வார்த்தை சொன்னா உனக்கு என்னடா குறைஞ்சிடும்?"

"எனக்குத் தெரியாததை எப்படிக்கா சொல்றது? ஆறுதலுக்காகப் பொய் சொன்னா நாளைக்கு நான்தானே பதில் சொல்லணும்?"

"தெரியாதுன்னா, தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே. நீ வாயை மூடிக்கிட்டு நின்னது, எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி இருந்துச்சு."

அதோடு பேச்சு நின்றது. சிஸ்டர் அண்ணியின் ஆறுதலும் முழுசாக எடுபடவில்லை. "அவன் மோட்சத்துக்கு முந்தின உத்தரிக்கிற ஸ்தலத்துல இருப்பான்மா. நாம ஜெபம் பண்ணப் பண்ண மேல போயிடுவான்" என்றார் அவர். "இன்னும் க்யூலயா நிக்கிறாரு?" என்று கேட்டார் அக்கா. "அங்க எங்கயாவது குழாய் ஒழுகினா அதைப் பார்த்துக்கிட்டு அங்கயே நின்னுடுவாரே அண்ணி!" இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து, கணவருடைய வேலைச் சட்டையை மடித்துக்கொண்டே அக்கா என்னிடம் சொன்னார்: "அவரு எப்படிப்பட்டவருன்னு எனக்கு யாரும் சொல்ல வேணாம். எங்க இருக்காருன்னு ஒருத்தர் தெளிவா சொன்னா ராத்திரி தூங்குவேன்."

பேச்சுதான் நின்றதே தவிர மற்றது எதுவும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவார், கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுந்து வந்துவிடுவார். பாஸ்டரின் வெள்ளைச் சட்டைகளும் வழக்கம்போல லாண்டரிக்கு வரும். அக்கா அவற்றை அப்பழுக்கில்லாமல் வெளுத்துத் தருவார். காலருக்கு மட்டும் கஞ்சியைக் கொஞ்சம் தாராளமாகப் போடுவார். கொஞ்சம் என்பது அக்காவின் கணக்கு. அந்தக் காலர் தகரம்போல விறைத்து நிற்கும். பாஸ்டர் வலதுபக்கம் பார்க்க வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டும். சில வாரங்களில் சபையார் இதைக் கவனித்து, போதகரின் கழுத்துப் பிடிப்பு நீங்கக் கண்ணீரோடு ஜெபித்தார்கள். கடைசி வரிசையில் அக்கா உரக்க ஆமென் சொன்னார்.

தொட்டியின் வால்வு மறுபடி ஒழுகத் தொடங்கியது. கூப்பிட அத்தான் இல்லை. பாஸ்டர் தாமே ஒரு ஸ்பேனரைத் தேடி எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார். பாசி பிடித்த படி. வலது கையும் இடது காலும் முறிந்தன.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்க்கச் சபையார் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தலையில் கைவைத்து ஜெபித்தார்கள், பழம் வைத்தார்கள், போனார்கள். அவர்களுக்கும் வேலை இருந்தது. பாஸ்டரின் மனைவிக்கும் பகல் முழுக்க வேலை. இரண்டாம் நாள் காலையில் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் கூடையுடன் வந்து நின்றவர் சிஸ்டர் அண்ணி. யாரும் கூப்பிடவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "கக்கூஸுக்குப் போனீங்களா தம்பி?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. மேடையில் இடிபோல முழங்குகிற மனுஷர் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டாராம்.

அக்காவும் தினமும் போவார், மாற்று விரிப்பும் தலையணை உறையும் எடுத்துக்கொண்டு. ஆனால் தம்பியோடு நேரடிப் பேச்சு கிடையாது. "அண்ணி, அவர்கிட்ட சொல்லுங்க, இடுப்பைக் கொஞ்சம் தூக்கினா விரிப்பை உருவிக்கலாம்னு." அவர் கட்டிலிலிருந்து, "அக்காகிட்ட சொல்லுங்க சிஸ்டர், தூக்கிட்டேன்னு" என்பார். நடுவில் நின்ற சிஸ்டர், "நான் நர்ஸா, தபால்காரியா?" என்று அலுத்துக்கொள்வார்.

ஒருநாள் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் அக்காவோடு போயிருந்தேன். பாஸ்டரின் முகம் முழுக்கச் சோப்பு நுரை. சிஸ்டர் அவருடைய மோவாயை நிமிர்த்திப் பிடித்துக் கழுத்தில் சவரக்கத்தியை வைத்திருந்தார்.

"இப்ப சொல்லுங்க தம்பி. விசுவாசம் மட்டும் போதுமா?"

பாஸ்டர் உதட்டை அசைக்காமல் சொன்னார்: "கத்தியை எடுத்துட்டுக் கேளுங்க சிஸ்டர். இந்த நிலைமையில நான் எதைச் சொன்னாலும் செல்லாது."

அறையே சிரித்தது. அக்கா தலையணை உறையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் பாஸ்டர் மெதுவாகக் கேட்டார்.

"என்மேல உங்களுக்குக் கோபம் இல்லையா? உங்க தம்பி அடக்கத்துல நான்..."

"இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு" என்றார் சிஸ்டர், கத்தியைத் தண்ணீரில் அலசிக்கொண்டே. "அதுக்காக முகத்தைப் பாதியில விட முடியுமா? அந்தக் கன்னத்தைக் காட்டுங்க."

"இதெல்லாம் புண்ணியம்னு நினைச்சா செய்றீங்க?"

"உங்க தாடியைச் சிரைச்சு மோட்சம் கிடைக்கும்னா, அது என்னய்யா மோட்சம்! செய்யணும்னு மனசுக்குத் தோணுது, செய்றேன். மனசை வச்சவர் பார்த்துப்பாரு."

"அதைத்தான் சிஸ்டர் நாங்க கிருபைன்னு சொல்றோம்."

"பேரை நீங்களே வச்சுக்கங்க. வேலையை நான் முடிக்கிறேன். பேசாதீங்க, மீசை பக்கம் வந்துட்டேன்."

அக்கா உறையை மாட்டிய தலையணையைத் தட்டிக்கொண்டே இருந்தார். தேவைக்கு மேலேயே தட்டினார்.

கட்டுப் பிரித்து ஊன்றுகோலோடு பாஸ்டர் சபைக்குத் திரும்பிய ஞாயிறன்று அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "அண்ணியும் வர்றாங்க. அங்க முக்காட்டோட தனியா உட்கார்ந்தா எல்லாரும் முறைப்பாங்க. நீங்களும் வாங்க, முறைக்க ரெண்டு ஆளா இருக்கட்டும்." கடைசி வரிசையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். முறைத்தார்கள்தான்.

பாஸ்டர் ஊன்றுகோலில் சாய்ந்துகொண்டு நியாயத்தீர்ப்பைப் பற்றியே பேச ஆரம்பித்தார். விசுவாசம் இல்லாமல் யாரும் ஆண்டவரைச் சேர முடியாது என்று எப்போதும்போல அழுத்திச் சொன்னார். அதில் ஒரு எழுத்தையும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. பிறகு கடைசி வரிசையில் இருந்த அக்காவைப் பார்த்தார்.

"ஆனா யாருக்குள்ள விசுவாசம் இருந்துச்சு, யாருக்குள்ள இல்லன்னு பார்க்கிற கண்ணு எனக்கு இல்ல. இருக்குன்னு இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன். எங்க அத்தான் இந்தத் தொட்டியில எத்தனையோ தடவை இறங்கினாரு, கூலி வாங்கினதே இல்ல. அவர் கல்லறையில நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன். தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். தெரிஞ்சவர் கையில அவரை விடுறோம்னு சொல்லியிருக்கணும். அன்னைக்குச் சொல்லாததை இன்னைக்குச் சொல்றேன். எங்க அக்கா என்னை மன்னிக்கணும்."

முன்வரிசையில் இருந்த, சபை நிர்வாகத்தைப் பார்க்கிற மூப்பர் ஒருவர் தொண்டையைச் செருமினார். பிறகு எழுந்து யாரையும் பார்க்காமல் நடு வழியாக நடந்து வெளியே போய்விட்டார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பாஸ்டரின் முகம் வெளுத்தது. இடது காலைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கி, முழுப் பாரத்தையும் ஊன்றுகோலில் போட்டுக்கொண்டார். சிஸ்டர் என் பக்கம் குனிந்து, "இவ்வளவு நேரம் நிக்கக் கூடாது, கால் வீங்கிடும்" என்றார், நர்ஸின் குரலில்.

அக்கா எழுந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லோரும் பார்க்க முன்னால் நடந்துபோனார். மூப்பர் விட்டுப்போன பிளாஸ்டிக் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதன் முதுகைப் பிடித்துத் தரையோடு கிறீச்சிட இழுத்து, ஒரு கையால் மேடைமேல் ஏற்றினார். தம்பிக்குப் பின்னால் போட்டு, ஆடுகிறதா என்று ஒருதரம் அசைத்துப் பார்த்தார். பிறகு அவர் தோளில் கைவைத்து அழுத்தி, "உக்காந்து பேசுடா" என்றார்.