நான் அழித்த அரை மணி நேரம்

மலேசியாவின் மெர்சிங் கடற்கரையில் ஓர் ஆய்வு நிலையத்தில் தொலைதூர வானொலி அலைகளைப் பதிவு செய்து, சூரியக் கதிர்வீச்சு மேல் வளிமண்டலத்தை எப்படிக் கலைக்கிறது என்று அளப்பது என் வேலை. திரையில் கோடு ஒழுங்காக ஓட வேண்டும் எனக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அது அரை மணி நேரம் சரிந்து கிடந்தது. ஒயர்க் கோளாறு என்று குறித்துவிட்டு, அந்தப் பகுதியை அழித்தேன்.

மாலையில் மீன்பிடிப் படகுக்காரர் மாணிக்கம் வந்தார். "சார், என் தம்பி நடுக்கடல்ல இருந்தான். மத்தியானம் பள்ளிவாசல்ல பாங்கு சொல்லி முடிக்கவும் ரேடியோ செத்துப் போச்சு லா. சூரியன்ல ஏதாச்சுமா?"

"பாங்கு கேட்டு நேரம் பாக்குற ஆளுக்குச் சூரியன் எதுக்குய்யா? போய் பேட்டரிய மாத்து," என்று சிரித்தேன்.

"மாத்திப் பாத்துட்டுத்தான் சார் வந்தேன்."

வியாழனன்று தலைமையகம், அந்த மதியம் சூரியனில் பெரிய வெடிப்பு என்று சொல்லி, எங்கள் பதிவைக் கேட்டது. அதைப் பிடிக்கத்தான் அந்த நிலையமே இருந்தது. என்னிடம் நகல்கூட இல்லை.

படகுத்துறைக்கு ஓடினேன். "ரேடியோ எத்தனை மணிக்குப் போச்சு, அண்ணே?"

"அலமாக், அடேயப்பா, இப்ப அண்ணனா?" என்றார் மாணிக்கம்.

கருவி பொய் சொல்லவில்லை. அழகான கோட்டுக்காக நான்தான் சொன்னேன். அந்த அற்பத்தனத்துக்கு ஒழுங்கு என்று பெயர் வைத்திருந்தேன்.